ஒன்பதாவது பெயர்

ராக்காயி என்ற பெயருக்குப் பதில் வராமல் இருபத்திரண்டு நாளும் ஆறு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆகியிருந்தன.

ஷர்மினி அதைத் தாளில் குறித்துக்கொண்டாள். குறிப்பதுதான் அவள் வேலை. புந்தோங்கில் இரண்டு வரிசை வீடுகளின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிய இல்லம் அது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஏழு பெரியவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். ஷர்மினி அவர்களுக்கு நடத்தை நிபுணர். யாராவது சுவரில் தலையை மோதினாலும், ஒரே சட்டையை மூன்று நாள் கழற்ற மறுத்தாலும், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று எழுதி, காரணத்தைக் கண்டுபிடித்து, வழி சொல்ல வேண்டும்.

அவளுக்கு எழுத வரும், பேச வராது. பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வை விளக்கச் சொன்னபோது, படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மேடையிலிருந்து இறங்கி வந்தவள். படங்கள் தெளிவாக இருந்ததால் தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள்.

மகேந்திரன் இல்லத்துக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நாற்பத்து மூன்று வயது. ஒரு கையில் துணிப்பை. மறு கையில் பிளாஸ்டிக் பை நிறையப் பள்ளிக்கூட நோட்டுகள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வாசலில் போய் நின்று, சாதம் எடுக்கும் கரண்டியால் இரும்புக் கதவைப் படபடவென்று தட்டினார்.

“பெரட்டு!” என்றார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் புரியும். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவதற்கு முன், விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்தி மண்டோர் என்கிற மேஸ்திரி பேர் கூப்பிடுவார். குரல் கொடுத்தவருக்குத்தான் அன்றைக்கு வேலை. மகேந்திரன் வளர்ந்த தோட்டம் ஆயர் தாவார் பக்கம் இருந்தது. இப்போது அங்கே செம்பனைத் தோப்பும் ஒரு பெட்ரோல் நிலையமும்தான் இருக்கின்றன. சிறு வயதில் வீட்டில் விட்டுவர ஆள் இல்லாததால், அவருடைய அம்மா தினமும் அவரைப் பெரட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாராம். மகேந்திரன் வரிசையில் நிற்கமாட்டார். மண்டோர் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்.

தோட்டம் மூடியது. மண்டோர் போனார். பெரட்டு மட்டும் போகவில்லை. குடும்பம் புந்தோங் அடுக்குமாடிக்கு வந்த பிறகும் மகேந்திரன் தினமும் ஆறு மணிக்குப் பேர் கூப்பிட்டார். வரிசையில் ஒரே ஆள், அவருடைய அம்மா ராக்காயி. அடுப்படியிலிருந்தோ குளியலறையிலிருந்தோ, வாயில் பல்பொடியோடோ, “வந்தேன் மண்டோரே” என்று அந்த அம்மாள் வருடக்கணக்காகப் பதில் சொல்லியிருக்கிறார்.

இப்போது சொல்ல முடியாது. ஏன் என்று இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும். மகேந்திரனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவருடைய அக்கா புஷ்பலதா சேர்க்கைப் பாரத்தின் ஏழாவது கட்டத்தில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டிருந்தார்: அம்மாவைப் பற்றிய அந்த விஷயத்தைத் தம்பியிடம் யாரும் சொல்லக்கூடாது. அன்றிலிருந்து இல்லத்தில் அந்த விஷயத்துக்குப் பெயரே ‘ஏழாம் நம்பர்’ என்று ஆகிவிட்டது. “ஏழாம் நம்பருக்கு அன்னிக்குக் கூட்டமாக்கா?” என்று சமையல்காரர் காளியம்மா புஷ்பலதாவிடமே விசாரித்தார்.

முதல் நாள் பெரட்டில் மகேந்திரன் பதினொரு பேரை நோட்டில் சேர்த்தார். முதலாவது காளியம்மா. இரண்டாவது இல்லத்தின் மேலாளர் தேவன். அடுத்த நான்கும் இல்லத்து ஆட்கள். ஏழாவது ஆ லியோங். அவர் கேஸ் தோங், அதாவது சிலிண்டர், போடுகிற சீனர். அந்த நேரத்தில் தோங்கை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்ததுதான் பாவம் அவர் செய்த குற்றம். எட்டாவது ஷர்மினி. ஒன்பதாவது ராக்காயி, அவருக்காக ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக விடப்பட்டது. பத்தாவது கோகிலன். பதினோராவதும் இல்லத்து ஆள்தான்.

எட்டு வரை பெரட்டு ரயில் மாதிரி ஓடும். ஆ லியோங் வர முடியாத நாட்களில் காளியம்மாவின் கைப்பேசிக்கு அழைப்பார். பக்கத்தில் நிற்பவள் ஷர்மினி என்பதால் கைப்பேசியை அவள்தான் மண்டோர் பக்கம் நீட்ட வேண்டும்.

“மண்டோர்! ஆ லியோங் இன்னைக்கு லீவு லா. ஒரு நாளு!”

மகேந்திரன் தலையாட்டி, நோட்டில் ஒரு முக்கோணம் போடுவார்.

“ஷர்மினி!”

“...தேன்.”

“கேக்கல. சத்தமா!”

“வந்தேன்.”

“சத்தமா!”

“வந்தேன் மண்டோரே.”

ஒரு நாளைக்கு மூன்று தடவை. இருபத்து மூன்று நாளுக்கு அறுபத்தொன்பது தடவை. அதையும் அவள் குறித்துவைத்திருந்தாள்.

பிறகு, “ராக்காயி!”

அங்கே ரயில் நின்றுவிடும். மகேந்திரன் பேனாவைக் கட்டத்துக்கு மேலே பிடித்தபடி ஷர்மினி பக்கம் பார்ப்பார். ஷர்மினி தரையைப் பார்ப்பாள். நிபுணரிடம் எதையோ எதிர்பார்க்கிறார் என்று அவளுக்கு ஒவ்வொரு நாளும் குற்ற உணர்வாக இருக்கும். பெரட்டு முடியாமல் மண்டோர் சாப்பிடக்கூடாது. மற்றவர்கள் சாப்பிடலாம், ஆனால் வரிசை கலையக்கூடாது. காளியம்மா தோசைத் தட்டோடு வரிசையில் நடந்து ஆளுக்கு இரண்டு கொடுத்துவிட்டு மறுபடி முதல் இடத்தில் போய் நின்றுகொள்வார். தேவன் மேலதிகாரிகளோடு பேச வேண்டிய கைப்பேசிப் பேச்சையெல்லாம் இரண்டாவது இடத்தில் நின்றபடியே பேசி முடித்தார். கடைசியில் மகேந்திரனின் கால்கள் நடுங்கத் தொடங்கும். “நாளைக்கு” என்று சொல்லி நோட்டை மூடுவார்.

இதில் எல்லோரையும்விட மனம் நொந்தவர் கோகிலன்தான்.

“எக்கா, எம் பேரு எப்ப வரும்?” என்று தினமும் ஷர்மினியிடம் கேட்பார்.

“வரும் கோகிலன்.”

“இன்னிக்கா?”

“தெரியல.”

“நான் ரெடியாதான் இருக்கேன். வந்தேன் மண்டோரேஏஏ! நல்லா இருக்கா?”

“ரொம்ப நல்லா இருக்கு.”

கேட்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் மகேந்திரனுக்கு வலிப்பு உண்டு. எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட வேண்டும். முதல் நாள் நாற்பது நிமிடம் நின்றவர் இப்போது ஆறு மணி நேரம் நிற்கிறார். ஐந்து கிலோ இறங்கிவிட்டார். பதினாறாம் நாள் வரிசைக்கு முன்னாலேயே விழுந்து வலிப்பு வந்தது. தேவன் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் பதில் போட்டது: வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், இப்படியே இருந்தால் அந்த ஆளை வேறு மாநிலத்தில் உள்ள பெரிய இல்லத்துக்கு மாற்ற வேண்டியதுதான். அங்கே கதவுகளுக்கு இரண்டு பக்கமும் பூட்டு. சொந்தப் பொருள் அனுமதி கிடையாது. நோட்டும் சொந்தப் பொருளில்தான் சேரும்.

இன்று வியாழக்கிழமை.

முயற்சி செய்யாமல் இல்லை. இரண்டாம் நாளே தேவன் வரிசையிலிருந்து, “ராக்காயி கடைக்குப் போயிருக்காங்க, மகேன்” என்றார். மகேந்திரன் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கடைக்குப் போனவர் வரத்தானே வேண்டும்? ஒன்றரை மணி நேரம் கூடியது. ஐந்தாம் நாள், “வந்துகிட்டே இருக்காங்க.” இன்னும் ஒரு மணி நேரம் கூடியது. எட்டாம் நாள், “அவங்களும் லீவுதான்.”

“எத்தன நாளு?” என்றார் மகேந்திரன்.

தேவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அவர் கோயில் கமிட்டியில் இருப்பவர். பொய் சொல்லலாம், ஆனால் அளவோடு. “அது... தெரியல, மகேன்.”

“நாளு சொல்லாம லீவு இல்ல.”

ஒன்பதாம் நாள், “உடம்பு சரியில்ல.”

“எம்.சி. எங்க?”

மருத்துவச் சான்றிதழுக்கு எங்கே போவது? தேவன் ஒரு கணம் உண்மையிலேயே யோசித்தார். “தெரிஞ்ச கிளினிக் ஒண்ணு இருக்கு...” என்று ஆரம்பித்தவர், ஷர்மினியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பதினோராம் நாள் காளியம்மா களத்தில் இறங்கினார். ராக்காயியின் பேர் வந்ததும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சமையலறை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, “வந்தேன் மண்டோரேய்!” என்று குரலை மாற்றிக் கூவினார். மகேந்திரன் நேராகச் சமையலறைக்குப் போனார். துண்டை விலக்கிப் பார்த்தார். பெரட்டில் இன்னொருவருக்குப் பதில் குரல் கொடுப்பது பெரிய குற்றம். “காளியம்மா. அரை நாளு வேல இல்ல” என்று தீர்ப்பு வந்தது. அவர் அடுப்பைத் தொட அனுமதிக்கப்படவில்லை. அன்றைக்கு மொத்த இல்லமும் மூலைக்கடை ரொட்டி சானாய்தான் சாப்பிட்டது.

“என்னா மனுசன்யா இவரு!” என்று காளியம்மா புலம்பினார். “இருவது வருசமா சமைக்கிறேன், எவனும் என்னய நிப்பாட்டுனதில்ல.” ஆனால் மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

ஷர்மினியின் முயற்சிகள் அறிவியல் முறைப்படி இருந்தன. நேரம் முடிந்ததைக் காட்டும் மணிக்கருவி ஒன்றைக் கொடுத்தாள். மகேந்திரன் அதை வைத்துத் தாமதமாக வருகிறவர்களை அளந்தார். அன்றாட வேலைகளைப் படமாக வரைந்து அட்டை செய்து கொடுத்தாள். பல் தேய்ப்பதற்கும் சாப்பிடுவதற்கும் நடுவே ‘பெரட்டு’ என்று ஓர் அட்டையை அவரே எழுதிச் செருகினார். நல்ல நடத்தைக்குப் பரிசாக நட்சத்திர ஒட்டிகள் கொடுத்தாள். அவர் அவற்றை வாங்கி, நேரத்துக்கு வந்தவர்களின் சட்டையில் ஒட்டிவிட்டார். தேவன் ஒரு நட்சத்திரத்தோடு வங்கிக்கே போய்வந்தார்.

வியாழன் பகல் பன்னிரண்டு பத்துக்கு மகேந்திரன் “நாளைக்கு” என்றார். நாற்காலியில் சாய்ந்தார். ஷர்மினி பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். காளியம்மா கொண்டுவந்த கஞ்சியை அவர் குடித்து, மாத்திரையும் போட்டுக்கொண்டார்.

“அண்ணே, நோட்டப் பாக்கலாமா?”

இந்த இருபத்து மூன்று நாளில் அவள் அவரிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. அவர் அவளைப் பார்த்தார். அவளுடைய சட்டையிலிருந்த நட்சத்திரங்களைப் பார்த்தார்.

“நீ லேட்டா வந்ததில்ல” என்று சொல்லிவிட்டுப் பிளாஸ்டிக் பையைத் தள்ளினார்.

முப்பத்தொரு நோட்டுகள். எல்லாவற்றிலும் அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டிருந்தது. வந்தால் நேர்கோடு. உடம்பு சரியில்லை என்றால் வட்டம். லீவு என்றால் முக்கோணம். ஷர்மினி ஆய்வுக்கூடத்தில் எண்ணுவதுபோல் பக்கம் பக்கமாக எண்ணினாள். முதல் நோட்டு தோட்டத்துக் காலத்தது. பழுப்பேறி ஓரம் உதிர்ந்தது. அதில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மண்டோர் பெரிய நோட்டில் எழுத எழுத, இவர் பக்கத்தில் நின்று தன் நோட்டில் எழுதியிருக்கிறார். ஒரு பெயரில் அவள் விரல் நின்றது. மாயாண்டி. நேர்கோடுகள், நேர்கோடுகள், ஐந்து வட்டங்கள், பிறகு பெயரின் மேல் தொடங்கிப் பக்கத்தின் விளிம்பு வரை இழுத்த ஒரே கோடு. அடுத்த பக்கத்தில் அந்தப் பெயர் இல்லை.

“இது யாருண்ணே?”

“அப்பா” என்றார் மகேந்திரன். “கழிச்சாச்சு.”

காலிச் சட்டியைக் காளியம்மாவிடம் கொடுக்கிற மாதிரிச் சொன்னார்.

ஷர்மினி கடைசி நோட்டை எடுத்தாள். ராக்காயிக்கு நேராக நேர்கோடுகள், பிறகு இரண்டு வட்டங்கள். அதன் பிறகு இருபத்து மூன்று காலிக் கட்டங்கள். அவள் மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். ராக்காயிக்குக் கீழே இன்னும் கூப்பிடப்படாத இரண்டு பேரைத் தவிர, முப்பத்தொரு நோட்டிலும் வேறு எங்கேயும் ஒரு காலிக் கட்டம் இல்லை.

அவள் இந்த இருபத்து மூன்று நாளும் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தது மகேந்திரனின் நடத்தைக்கு அல்ல. இல்லத்துக்காரர்கள் சொன்ன பொய்களுக்கு. ஒவ்வொரு பொய்க்கும் கோடு ஒரு படி ஏறியிருந்தது.

தேவனிடம் போய்ச் சொன்னாள். அவர் பாரத்தை எடுத்து ஏழாவது கட்டத்தைக் காட்டினார். “புரியுது லா, ஷர்மினி. ஆனா அக்கா கையெழுத்து போட்டிருக்கு. அவங்களா சரின்னு சொல்லாம நாம வாயத் தொறந்தா, என் வேல போகும், உன் வேலையும் போகும். அப்புறம் ரெண்டு பேருக்கும் பெரட்டுல லீவு எழுதணும்.”

புஷ்பலதாவிடம் பேச வேண்டியதை ஷர்மினி ஒரு தாளில் எழுதி, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு முறை வாசித்துப் பார்த்தாள். பிறகு எண்ணை அழுத்தினாள்.

“அக்கா, நான் ஷர்மினி. இல்லத்துல இருந்து...”

“என்னா? மறுபடி விழுந்துட்டானா?”

“இல்லக்கா. அவருகிட்ட அந்த விஷயத்த... சொன்னா நல்லதுன்னு...”

“கூடாது.” புஷ்பலதா ஆயர் தாவாரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். குரலுக்குப் பின்னால் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. “சின்ன வயசுல ஒரு கோழி செத்ததுக்கு நாலு நாளு சோறு திங்காம கெடந்தவன் லா அவன். இத எப்பிடித் தாங்குவான்? பதினாறாம் நாளு காரியத்துக்கே நான் அவனக் கூட்டிட்டுப் போகல. கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டேன்.”

“இப்பயும் சாப்புடாமதானக்கா இருக்காரு...”

“நாளைக்கு நான் வாரேன். அதிகாரிகிட்ட நானே பேசிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லாத.”

வெள்ளிக்கிழமை பெரட்டு வழக்கம்போல் ஆறு மணிக்குத் தொடங்கி, வழக்கம்போல் ஒன்பதாவது பெயரில் நின்றது. எட்டே காலுக்குப் புஷ்பலதா வந்தார். எட்டரைக்கு அதிகாரி வந்தார். கையில் கோப்பு, கழுத்தில் அட்டை, நல்ல நீலத்தில் பாஜு கூரோங் என்கிற மலாய் உடை. அவர் ‘செலாமாட் பாகி’ என்று காலை வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்து ஓர் அடி வைப்பதற்குள் மகேந்திரன் மணிக்கருவியைப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் லேட்டு” என்றார். “வரிசையில நில்லுங்க.”

அதிகாரி தேவனைப் பார்த்தார். தேவன் ‘மன்னிக்கணும் புவான், நின்றால் சீக்கிரம் முடியும்’ என்று மலாயில் கிசுகிசுத்தார். அது பொய். ஆனால் அந்த வீட்டில் பொய்க்கா பஞ்சம்? அதிகாரி கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பதினோராவது ஆளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

மகேந்திரன் நோட்டில் இரண்டு பெயர்களைச் சேர்த்தார். புது ஆள் வந்தால் பெரட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதுப் பக்கத்தில் கட்டம் போட அடிமட்டத்தைத் தேடினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஷர்மினி வரிசையை விட்டு நகர்ந்தாள். இருபத்து நான்கு நாளில் முதல் தடவை. புஷ்பலதாவின் கையில் இரண்டு பொருட்களைக் கொடுத்தாள். ஒன்று அவள் போட்ட வரைபடம்.

“இது என்னா, மலையா?” என்றார் புஷ்பலதா.

“அவரு சாப்புடாம நின்ன நேரம்க்கா.”

மற்றது முதல் நோட்டு, மாயாண்டியின் பக்கத்தில் விரித்தபடி.

புஷ்பலதா அந்தக் கோட்டைப் பார்த்தார். ஆள்காட்டி விரலால் அதன் மேல் தடவினார். “இது இவன் போட்டதா?”

“ஆமா.”

“அப்பாவ அடக்கம் பண்ணுன மறுநாளு,” என்றார் புஷ்பலதா. குரல் தொழிற்சாலைக் குரலாக இல்லை. “அம்மா பெரட்டுக்கு வந்தாங்க. மண்டோரு அப்பா பேரக் கூப்புட்டாரு. அவருக்குத் தெரியாதா? பொட்டி தூக்குன நாலு பேருல அவரும் ஒருத்தரு. இருந்தாலும் கூப்புட்டாரு. மண்டோரு தானா பேரக் கழிக்கக் கூடாது. பக்கத்துல நிக்கிற ஆளு வாயத் தொறந்து சொல்லணும்.”

“ஏன்க்கா அப்படி?”

“முன்ன ஒரு மண்டோரு தானா நெனச்சிக்கிட்டு ஒரு ஆளக் கழிச்சிட்டாராம். அந்த ஆளு தைப்பிங்குல கல்யாணத்துக்குப் போயிருக்காரு. திரும்பி வந்தா பேரு இல்ல. பேரச் சேக்க ஒரு மாசம் ஆச்சாம். அந்த ஒரு மாசமும் செத்தவனாவே பால் வெட்டுனாராம்.” புஷ்பலதா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “அன்னிக்கு அப்பாவுக்கு அம்மாதான் சொன்னாங்க. அதுவரைக்கும் அம்மா அழுகவே இல்ல. சத்தமா சொன்னதுக்கு அப்புறம்தான் அழுதாங்க. இவன் மண்டோரு பக்கத்துல நின்னு கோடு போட்டுக்கிட்டு இருந்திருக்கான்.”

பக்கத்தில் நிற்கிற ஆள். ஆ லியோங்கின் லீவை யார் கையிலிருந்து வாங்கி மகேந்திரன் எழுதினார்? எட்டாம் இடத்தின் கையிலிருந்து. ஒன்பதாவது பெயரைக் கூப்பிட்டுவிட்டு அவர் இருபத்து நான்கு காலையும் பார்த்தது யாரை? நிபுணரை அல்ல. எட்டாம் இடத்தை. அவள்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரட்டு!” கரண்டி கதவில் மோதியது.

ஷர்மினி ஓடிப்போய் எட்டாம் இடத்தில் நின்றாள். புஷ்பலதா வரிசையின் கடைசிக்குப் போகவில்லை. ஒன்பதாம் இடத்தின் காலி வெளிக்கு அந்தப் பக்கம், கோகிலனுக்கு முன்னால் நுழைந்துகொண்டார்.

“எக்கா, இது எங் எடம்” என்றார் கோகிலன்.

“கொஞ்சம் தள்ளுய்யா.”

“காளியம்மா!” “வந்தேன் மண்டோரேய்!” “தேவன்!” “வந்தேன் மண்டோரே.” மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. “ஆ லியோங்!” ஆறு மணிக்குக் கைப்பேசியில் லீவு சொன்ன ஆ லியோங் இப்போது நேரிலேயே, தோளில் தோங்கோடு, சரியாக அந்த நேரத்துக்கு வந்து நின்றார். “வந்தேன் லா மண்டோர்! காலையில நெறைய வேல!”

“ஷர்மினி!”

“வந்தேன்.”

“சத்தமா!”

“வந்தேன் மண்டோரே.” இன்று இரண்டே தடவையில் முடிந்தது.

“ராக்காயி!”

பேனா கட்டத்துக்கு மேல் நின்றது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் ஓய்ந்தது. மகேந்திரன் ஷர்மினியைப் பார்த்தார். இந்த முறை அவளும் அவரைப் பார்த்தாள். அவர் கண்கள் சிவந்திருந்தன, கன்னம் ஒட்டியிருந்தது, சட்டைக் காலர் கழுத்தைவிட்டுத் தள்ளி நின்றது. அவர் அவளுக்காகக் காத்திருந்தார், அவ்வளவுதான்.

அவள் புஷ்பலதா பக்கம் திரும்பினாள். புஷ்பலதா வாயைத் திறந்தார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. துப்பட்டாவின் நுனியை வாயில் அழுத்திக்கொண்டார்.

“என்னால முடியாது லா,” என்றார் துணிக்குள்ளிருந்து. “இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் அந்த வார்த்தைய நான் சொன்னதில்ல. வீட்டுலகூட. நீ சொல்லு. ஒன்னத்தான் பாக்குறான். சொல்லு.”

“அக்கா, ஏழாவது கட்டம்...”

“அத நானே அடிச்சிடுறேன். சொல்லும்மா.”

அதிகாரி தேவனிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். “நொம்போர் தூஜு, புவான்” என்றார் தேவன். ஏழாம் நம்பர் என்றால் அந்த அம்மாளுக்கு என்ன புரியும்? ஆனாலும் கோப்பை மூடிவிட்டு நேராக நின்றார்.

“ராக்காயி,” என்றாள் ஷர்மினி. மீதி வார்த்தைகள் அவள் வாய்க்குள்ளேயே புரண்டு, பல்லுக்குப் பின்னால் நின்றுவிட்டன. அவளுக்கே கேட்கவில்லை.

“கேக்கல,” என்றார் மகேந்திரன்.

அவள் மறுபடி சொன்னாள். காளியம்மா மூக்கை உறிஞ்சிய சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“சத்தமா!” என்றார் மகேந்திரன். பேனாவின் முனை ராக்காயியின் முதல் எழுத்தின் மேல் வந்து நின்றது. அடிமட்டத்தை அவர் ஏற்கெனவே பெயருக்கு நேராக வைத்திருந்தார், பக்கத்தின் விளிம்பு வரை.

ஷர்மினி மூச்சை இழுத்தாள். பல்கலைக்கழக மேடையில் இழுக்காத மூச்சு அது. பத்தாம் இடத்தில், தன் முறை வரப்போகிறது என்று, கோகிலனும் கூடவே ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“ராக்காயி செத்துப் போயிட்டாங்க, மண்டோரே!”